விலைக்கு வாங்கிய உறை

கூரியர் அலுவலகத்திலிருந்து காலை பத்தரைக்குப் போன் வந்தது. கொடைக்கானலிலிருந்து வந்த பார்சல் ஒன்று கசிகிறது, உடனே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பழைய நாளிதழை விரித்து அதன்மேல் பார்சலை வைத்திருந்தார். அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நனைந்து வெளுத்திருந்தது.

“உள்ள என்ன அண்ணாச்சி, தோசை மாவா?”

“மாவுதான். ரொட்டிக்கு ஊத்துற உறை.”

“கொடைக்கானல்ல இருந்தா? நம்மூர்ல மாவுக்குப் பஞ்சமா வந்துட்டு?” நனைந்த மூலையைத் தொட்டு விரலை மூக்கருகே கொண்டுபோனார். “நல்லாப் புளிச்சிட்டுல்லா. திருப்பி அனுப்பிருதீங்களா?”

புளித்திருக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தை மாதம். வெயில் இன்னும் ஏறவில்லை. பெட்டியைச் சாய்க்காமல் ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு மெதுவாக வீட்டுக்கு வந்தேன்.

பார்சலை வரவழைத்தது என் மனைவி. அவளுக்கு வாசனை தெரியாது. கொரோனாவின் இரண்டாவது அலையில் எங்கள் இருவருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்குப் போன வாசனை மூன்று வாரத்தில் திரும்பிவிட்டது. அவளுக்குத் திரும்பவில்லை. மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், ரோஜா என்று நான்கு சீசாக்களைத் தினமும் இரண்டு வேளை முகர்ந்து பழகச் சொன்னார். எட்டு மாதம் முகர்ந்தாள். பிறகு கிராம்பை எடுத்துப் பிரியாணிக்குப் போட்டுவிட்டாள்.

நாக்கில் உப்பும் புளிப்பும் இனிப்பும் காரமும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ரசத்துக்கும் புளித்தண்ணீருக்கும் வித்தியாசம் மிளகு மட்டும்தான் என்பாள். சாப்பிடுவதில் ருசி போனதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமைப்பதில்தான் சிக்கல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை தன் மாமியாரோடும் பிள்ளைகளோடும் வந்திருந்தாள். காலை டிபன் இட்லி. நான் வாழை இலை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். சட்னிக்கு அரைத்த தேங்காய் கெட்டிருந்தது. உள்ளே லேசாக மஞ்சள் ஓடிய தேங்காயை, மூக்கு இருக்கிறவர்கள் உடைத்த உடனே ஒதுக்கிவிடுவார்கள். நான் திரும்பி வந்தபோது தங்கை, “மதினி, சட்னி ஒரு மாதிரி இருக்கே” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மாமியார் தட்டைத் தள்ளி வைத்தார். மனைவி சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் இரண்டாவது காபி குடித்து முடிக்கும்வரை வெளியே வரவில்லை. அதன்பிறகு அவர்களை அவள் சாப்பிடக் கூப்பிடவே இல்லை. அவர்கள் வருவதாகச் சொன்னாலும், வெளியே போகிறோம் என்று ஏதாவது சொல்லிவிடுவாள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கும் வேலை எனக்கு வந்தது. “ஏங்க, இதப் பாருங்க” என்று கூப்பிடுவாள். பால், தேங்காய், பழைய சோறு, அரைத்து வைத்த மாவு, கருவாடு, கேஸ் அடுப்பு. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பதினேழு முறை.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாளிதழுக்கு இந்த வட்டாரத்தின் செய்தியாளராக இருந்தேன். தகவல் சரிதானா என்று தினமும் யாராவது என்னைக் கேட்பார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே அது நின்றுவிட்டது. இப்போது மறுபடியும் ஒருவர் கேட்டார். நான் நன்றாக மூச்சை இழுத்து, சற்று யோசித்து, “நல்லாருக்கு” என்றோ “வேண்டாம்” என்றோ சொல்வேன். யோசிக்கத் தேவையில்லாதபோதும் யோசித்தேன்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. “முப்பத்தஞ்சு வருசமா சமைக்கேன். இப்ப பால் நல்லாருக்கான்னு ஒருத்தர்கிட்ட கேட்டு நிக்குதேன்” என்று ஒரு நாள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். வெங்காயம் அவள் கண்ணை மட்டும் எரித்தது.

பார்சல் வருவதற்கு முந்தின கோடையில் கொடைக்கானலுக்குப் போயிருந்தபோது ஏரியிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் ஒரு சிறிய ரொட்டிக்கடையில் ஒதுங்கினோம். மழை. கடைக்காரம்மா தடித்த மேல்தோல் உள்ள ரொட்டி ஒன்றை அறுத்து, வெண்ணெய் தடவிக் கொடுத்தார். ஈஸ்ட் போடாமல் புளித்த மாவிலேயே உப்ப வைக்கும் ரொட்டி. சவர்டோ என்றார். மனைவி ஒரு துண்டைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். அந்த இரண்டு வருடத்தில் அவள் எதையும் இரண்டாவது முறை கேட்டு நான் பார்த்ததில்லை.

“வெளிய மொறுமொறுன்னு இருக்கு. உள்ள நல்லாப் புளிக்குது” என்றாள். “இது எனக்கு முழுசாத் தெரியுது.”

ஊருக்குத் திரும்பியதும் மகள் வாங்கிக் கொடுத்து உபயோகமில்லாமல் கிடந்த ஓவனைத் துடைத்து வைத்தாள். போனில் வீடியோ பார்த்து கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து ஒரு பாட்டிலில் மூடி வைத்தாள். ஒரு வாரத்தில் உறை தயாராகும் என்று வீடியோவில் சொன்னார்கள். மூன்றாம் நாள் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். எலி செத்த வாடை. சொன்னேன். கொட்டிவிட்டாள். அடுத்த முறையும் மூன்றாம் நாள் அதே வாடை, அதுவும் போயிற்று. மூன்றாவது முறை நான் சங்கரன்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அவள் பாட்டிலைத் தானே வைத்துக்கொண்டாள். நான் திரும்பி வந்தபோது மாவில் சிவப்பாகக் கோடு ஓடியிருந்தது.

மார்கழி பிறந்ததும் கொடைக்கானல் ரொட்டிக்கடைக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“முதல் ரெண்டும் கெட்டுப்போகலம்மா. மூணாம் நாள் அப்படித்தான் நாறும், அப்புறம் மாறிரும். சிவப்பு ஓடினது மட்டும்தான் நிஜமாவே கெட்டது.”

“எனக்கு வாடை தெரியாதும்மா. எது நிஜம்னு எப்படிக் கண்டுபிடிக்க?”

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். “புதுசா உருவாக்கணும்னா மூக்கு வேணும். ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற உறைய வாங்கிக்கிட்டீங்கன்னா கண்ணு போதும். பழகின உறை ஒரே மாதிரி நடந்துக்கும். மாவு போட்டதும் பாட்டில்ல அந்த மட்டத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிருங்க. நாலஞ்சு மணி நேரத்துல அதுக்கு ரெண்டு மடங்கு ஏறணும். ஏறினா நல்லாருக்குன்னு அர்த்தம். யார்கிட்டயும் கேக்க வேண்டாம்.”

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டாள்.

அந்த உறை பதினோரு வருடமாக ஓடுகிறது என்று அவர் சொன்னார். பதினோரு வருடம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கச் சொன்னேன்.

“பர்த் சர்டிபிகேட்டா கேப்பாங்க?” என்றாள்.

அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு விஷயம் அன்றே தெரிந்துவிட்டது. அவள் கணவர் தீப்பெட்டி ஆபீஸில் மேனேஜர். அவள் பகலில் பாதி நேரம் எங்கள் அடுக்களையில்தான் இருப்பாள்.

“உறையப் போயி விலைக்கு வாங்குவாவளாக்கா? ஒரு கரண்டி உறைமோர் கேட்டா, விளக்கு வைக்கிறதுக்கு முன்ன வந்தா சும்மாவே குடுத்துருவோம்லா. கேட்டியளா அண்ணாச்சி, நாளைக்கு உப்பையும் கொடைக்கானல்ல இருந்து வரவழைப்பாவ பாருங்க.”

எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து உறையும் உப்பும் வெளியே கொடுக்க மாட்டார்கள். அவள் அதில் மிகவும் கண்டிப்பானவள்.

கசிந்த பார்சல் இப்படித்தான் வந்து சேர்ந்தது. பாட்டிலில் பாதிதான் மிச்சம் இருந்தது. போதும் என்று கடைக்காரம்மா போனில் சொன்னார். ஒரு பங்கு உறைக்கு ஒரு பங்கு மாவு, ஒரு பங்கு தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை. கேன் தண்ணீரை ஊற்றினாள். ரப்பர் பேண்டை மாட்டி, அடுக்களைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரின் கட்டத்தில் பென்சிலால் எழுதினாள். 11.40. மாலை ஐந்தரைக்கு அது இரண்டு மடங்கு ஆனது. அதையும் எழுதினாள். என்னைக் கூப்பிடவில்லை.

மாசியில் நாலரை மணி நேரம். பங்குனியில் மூன்றரை. காலண்டர் கட்டங்களில் நேரம் நிறைந்துகொண்டே வந்தது. முதல் ரொட்டி சப்பையாக வந்தது. இரண்டாவதன் அடி தீய்ந்தது. நான்காவது சரியாக வந்தது. ஓவனிலிருந்து எடுத்ததும் அதைக் கவிழ்த்து, விரல் மடக்கி அடியில் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். காலியான தகர டின் மாதிரிச் சத்தம் வந்தால் உள்ளே வெந்துவிட்டது. மட்டத்துக்குக் கண், வேக்காட்டுக்குக் காது. ரொட்டி வேகும்போது வீடு முழுக்க நல்ல வாசனை வந்தது. அதைச் சொன்னேன். “அப்படியா” என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கடைக்காரம்மா சொன்னதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை மாவு போடுவதற்கு முன்பும் பழைய உறையில் பாதியை எடுத்துக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெருகிக்கொண்டே போகும் என்று அவர் சொல்லியிருந்தார். “நல்ல மாவ எப்படிக் கொட்ட?” என்றாள். முதலில் தோசையில் கலந்தாள். ஒரு வாரம் தினமும் புளித்த தோசை தின்றோம். பிறகு அதை வற்றல் போட ஆரம்பித்தாள். உப்பும் சீரகமும் சேர்த்து, வேட்டித் துணியில் கரண்டியால் கீற்றுக் கீற்றாக ஊற்றி, மாடிப்படி நிழலில் காய வைத்தாள். எங்கள் ஊர்க் காற்றில் ஒரே பகலில் சருகாகிவிடும். எண்ணெயில் போட்டால் உப்பவில்லை. கடினமாக, நாக்கைச் சுண்டும் புளிப்பாக இருந்தது. உப்புதான் காரணமோ என்று அடுத்த தடவை உப்பில்லாமல் ஊற்றிக் காய வைத்து, பொரித்துப் பார்த்துச் சொல் என்று இந்த முறையும் ஒரு பொட்டலம், ஊற்றியது அத்தனையும், அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள். மறுநாள் அடுத்த வீட்டுப் பெண், “சூப்பர்க்கா” என்றாள். அவள் பொரித்துப் பார்க்கவே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

சித்திரை பிறந்ததும் மனைவி என் தங்கைக்குப் போன் செய்தாள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு அந்த மாதம் மூன்றாம் ஞாயிறு சாப்பிட வரச் சொன்னாள். நான் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அவள் கூப்பிட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“என்ன செய்யப் போறே?”

“ரொட்டி. கோழிக் குழம்பு.”

“வேற?”

“ரொட்டிக்காகத்தான் கூப்பிடுதேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பசுவந்தனையில் அவள் அக்கா மகன் புது வீட்டுக்குப் பால் காய்ப்பு. அவள் மட்டும் போனாள். ஒரு நாள் தங்கிவிட்டு மறுநாள் வருவதாகத் திட்டம். உறையை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சித்திரை வெயிலில் அது எவ்வளவு நேரத்தில் ஏறி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று ஒரு வாரமாகக் குறித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அந்தக் கணக்கு பிடிபட வேண்டும். அதனால் வெளியிலேயே விட்டாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னாள்:

“காலைல ஒருக்க, மத்தியானம் ஒருக்க, பொழுதடைய ஒருக்க மாவு போடணும். ரப்பர் பேண்டப் பாத்து நேரம் எழுதிருங்க. மோந்து பாக்க வேண்டாம்.”

“பாத்தா என்ன?”

“வேண்டாம். கண்ணு போதும்.”

காலை ஆறரைக்கு மாவு போட்டு எழுதினேன். பதினோரு மணிக்கு ஒரு நண்பரைப் பார்க்க பஸ் நிலையம் பக்கம் போனேன். பேசிக்கொண்டிருந்ததில் மத்தியான வேளை தவறிவிட்டது. வீட்டுக்கு வரும்போது மணி நான்கு. அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். உள்ளே ரொட்டி வேகும் அளவுக்குச் சூடு இருந்தது. பாட்டிலைத் திறந்தேன்.

முகர்ந்தேன். எப்போதும் இருக்கும் மோர்ப் புளிப்பு இல்லை. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அச்சகத்தில் உருளையைத் துடைக்க ஒரு திரவம் வைத்திருப்பார்கள், அதேதான். மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றது. சாப்பிடும் பொருளில் அப்படி ஒரு வாடை வரக்கூடாது என்று முடிவு செய்தேன். நன்றாக மூச்சை இழுத்து, இன்னொரு முறையும் பார்த்தேன். பிறகு பின்பக்கத் துவைகல் அருகே கொட்டிவிட்டு, வெந்நீர் வைத்து பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். துணியால் ரப்பர் பேண்டையும் துடைத்து ஆணியில் மாட்டினேன். போனில் சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கை கால் கழுவப் பின்பக்கம் போனவள் பாட்டிலோடு வந்தாள்.

“இது ஏன் கவுந்து கெடக்கு?”

“கெட்டுப்போச்சு. கொட்டிட்டேன்.”

“கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா?”

“வாடை வந்துச்சு. வார்னிஷ் மாதிரி.”

“எவ்வளவு ஏறி இருந்துச்சு? ரப்பர் பேண்டுக்கு மேலயா, கீழயா?”

“பாக்கல.”

“ஏறி இறங்கியிருந்தா பாட்டில்ல உள்பக்கம் கறை ஒட்டியிருக்கும்லா. எதுவரைக்கும் இருந்துச்சு?”

“பாக்கல.”

பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.

“முப்பது வருசம் பேப்பர்ல எழுதினீங்க” என்றாள்.

நான் எழுதிய செய்திகளில் பிழை வந்து மறுநாள் திருத்தம் போட்டதுண்டு. அப்போதெல்லாம் யாரோ தவறாகச் சொன்னார்கள் என்று சொல்ல இடம் இருந்தது. இதில் எல்லாம் என் கண் முன்னால் இருந்தது. அவள் பார்க்கச் சொன்னதை நான் பார்க்கவில்லை, வேண்டாம் என்று சொன்னதைச் செய்தேன். ஏன் என்பதும் எனக்குத் தெரியும். நான்கு மாதமாக அந்தப் பாட்டிலைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொடைக்கானலுக்குப் போன் போட்டாள். வாடை எப்படி இருந்தது என்று என்னையே சொல்ல வைத்தாள். சொன்னேன்.

“அது பசிங்க சார்” என்றார் கடைக்காரம்மா. “வெயில்ல சீக்கிரம் தின்னு முடிச்சிருச்சு. அடுத்த மாவு கிடைக்கலேன்னா அந்த வாடைதான் வரும். ஒரு கரண்டி மாவு போட்டிருந்தா சாயங்காலமே சரியாயிருக்கும்.”

மனைவி போனை வாங்கி, இன்னொன்று அனுப்ப முடியுமா என்று கேட்டாள். ஆடி முடியும்வரை கீழே எங்கும் அனுப்புவதில்லை, வழியிலேயே பொங்கிவிடும் என்றார் அவர். யாராவது ஆள் மூலம் எடுத்து வரச் சொல்லலாமா, நானே பஸ்ஸில் போய் வரட்டுமா என்று கேட்டேன். “நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்றாள். ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப் போட்டுவிடலாம் என்றேன். தள்ளிப் போட்டால் பிறகு அவள் கூப்பிட மாட்டாள் என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “காய வச்சது உயிரோட இருக்குமாம்மா?” என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எது?”

“மிச்ச உறைய வத்தல் போட்டேன்.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “வெயில்லயா?”

“நிழல்ல. காத்துல.”

“உப்பு போட்டீங்களா? போட்டிருந்தா பொழைக்காது.”

மனைவி போனை வைத்துவிட்டு எழுந்தாள். எங்கள் டின்னில் இருந்தது எல்லாம் உப்பும் சீரகமும் போட்டது. உப்பில்லாத பொட்டலம் அடுத்த வீட்டில்.

அவள் பின்னாலேயே நானும் போனேன். அடுத்த வீட்டில் அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார்கள். மனைவி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் முதலில் என்னைப் பார்த்தாள்.

“நீங்களா கொட்டுனீங்க அண்ணாச்சி? அந்தக் கையத் தூக்கிக் காட்டுங்க பாப்போம்.” பிறகு அவள் முகம் மாறியது. “எக்கா, ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல. அந்த வத்தல நான் பொரிக்கவே இல்ல. முன்ன குடுத்ததே எங்க வீட்டுக்காரவிய பல்ல ஒடச்சிருக்கும். டப்பால அப்படியே கெடக்கு.”

“அதான் நல்லது. எடு.”

அவள் நகரவில்லை. “விளக்கு வச்சாச்சே. உறைல்லா அது?”

“ஏட்டி, இது என் வீட்டுல இருந்து வந்ததுதானே?”

“ஒங்க வீட்டு உறைதான். ஆனா இப்ப என் வீட்டுல இருந்துல்லா வெளிய போவுது. விடிஞ்சதும் மொத வேலையாக் கொண்டாந்து தாரேன்க்கா.”

இன்றே தண்ணீரில் போட்டால் ஒரு நாள் மிச்சமாகும் என்றாள் மனைவி. அந்தப் பெண் விளக்கையும் டப்பா இருந்த பரணையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“நீங்க எங்கிட்ட வத்தல்னு சொல்லித்தானே குடுத்தீங்க? வத்தலுக்கு விளக்குக் கணக்குக் கிடையாது. வத்தலாவே திருப்பித் தாரேன். உங்க வீட்டுல போயி அது உறையா மாறினா எனக்கென்ன.”

டப்பா கைக்கு வந்தது.

கீற்றுகளை அம்மியில் நுணுக்கி, கேன் தண்ணீரை லேசாகச் சூடாக்கி ஊற வைத்தாள். மறுநாள் காலையில் ஒரு கரண்டி மாவு. எனக்கு வேலை கொடுத்தாள். மணிக்கு ஒரு முறை மட்டத்தைப் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான். மூடியை அவள் மட்டும் திறப்பாள்.

எழுதினேன். முதல் நாள் அசைவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கண்ணாடி ஓரமாக நான்கு குமிழிகள். நான்கு என்றே எழுதினேன். நான்காம் நாள் விரற்கடை அளவு ஏறி, அங்கேயே நின்றது. ஐந்தாம் நாள் ஒன்றரை மடங்கு. அன்று பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது ஒரு முறை திறந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஆறாம் நாள் நாலு மணி நேரத்தில் இரண்டு மடங்கு. ஏழாம் நாள், சனிக்கிழமை, இரண்டு மணி ஐம்பது நிமிடம். கொட்டுவதற்கு முந்தைய வாரம் அவள் எழுதியிருந்த கட்டங்களைப் பார்த்தேன். இரண்டு ஐம்பது, இரண்டு நாற்பத்தைந்து, இரண்டு ஐம்பது.

அவளும் பார்த்தாள். “அதுதான்” என்றாள். அன்று பொழுது சாயும்போது மாவு பிசைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குத் தங்கை குடும்பம் வந்தது. இரண்டு ரொட்டியும் ஏற்கெனவே வெளியே வந்திருந்தன. மனைவி இரண்டையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். ஒன்றை மறுபடி ஏழு நிமிடம் உள்ளே வைத்தாள். எனக்கு முதல் முறை கேட்ட சத்தத்துக்கும் இரண்டாவது முறை கேட்டதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கோழிக் குழம்புக்கான தேங்காயை மட்டும் உடைத்து என் முன்னால் வைத்தாள். “இதுக்கு நீங்க” என்றாள். முகர்ந்தேன். நல்ல தேங்காய். யோசிக்காமல் உடனே சொன்னேன்.

தங்கையின் மாமியார் ரொட்டித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கருகிட்டோ?”

“இல்ல அத்தை. மேல் தோல் அப்படித்தான் இருக்கணும்.”

குழம்பில் முக்கிக் கடித்தார். மென்றார். மனைவி கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நான் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு நகரவில்லை.

“தோல் எனக்குப் பல்லுக்கு ஆவாது” என்றார் அவர். “உள்ள இருக்கது நல்லாப் புளிப்பா, மெத்துன்னு இருக்கு. அத மட்டும் இன்னும் ரெண்டு பிச்சுப் போடு. தோல அவனுக்குக் குடு.” அவன் என்றது என்னை. அன்று நான் தோலாகவே நிறையத் தின்றேன்.

நாலரைக்கு அவர்கள் கிளம்பினார்கள். தங்கை ஒரு சின்ன டப்பாவில் உறை கேட்டு வாங்கிக்கொண்டாள். விளக்கு வைக்க நேரம் இருந்தது. எப்படி வளர்ப்பது என்று மனைவி சொல்லிக்கொண்டே தெருமுனைவரை போனாள். ரப்பர் பேண்ட் என்று இரண்டு முறை சொன்னது எனக்குக் கேட்டது.

திரும்பி வந்து பாட்டிலில் மிச்சம் இருந்ததற்கு மாவு போட்டுக் கலக்கினாள். நான் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

“காலைல ரொட்டி வேகும்போது வாடை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

நான் உடனே சொல்லவில்லை. இந்த முறை உண்மையாகவே யோசிக்க வேண்டியிருந்தது.

“கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுற இடத்துக்கு வெளிய நின்ன மாதிரி. கூடக் கொஞ்சம் மோர்.”

“பாகு பதத்துக்கு வருமுன்னயா, வந்த பிறவா?”

“வந்த பிறகு. இறக்கப் போற நேரம்.”

“சரி, அது எனக்கு ஞாபகம் இருக்கு” என்று சொல்லிவிட்டு ரப்பர் பேண்டை மாவின் மட்டத்துக்கு இறக்கினாள். காலண்டரில் நேரத்தை எழுதினாள்.